உற்றார்க்கு உற்றார்

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், அதற்குக் கருவியாகிய மருந்து, அம்மருந்தைப் பிழையாது இயற்றிக் கொடுக்க உடனிருப்பவன் என்பன அவை. அந்நான்கும் தனித்தனி நான்கு வகைப்படும் எனப் பரிமேலழகர் விரித்துரைத்தனர். நோயுற்றவனுக்கு அவர் வகுத்த இலக்கணங்களுள் ஒன்று, தன் நோயின் நிலையை எடுத்துணர்த்துதல் என்பதாகும். மருத்துவர் சொல்வழி நிற்றலும் மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தலும் போல, வாய்திறந்து சொல்லுதலும் நோயாளன் கடன் என்பது அவர் கருத்து.

இவ்வுரைப் பகுதியை யான் 28 ஆண்டுகளாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றேன். சொல்லிய பொருளை யானே உணர்ந்தேனல்லேன் என்பது எட்டாண்டுகளுக்கு முன்னர் எனக்கு நீரிழிவு நோய் உண்டெனக் கண்டறியப்பட்ட பின்னரே விளங்கிற்று. எம்மூரார் இதனைச் சலரோகம் என்பர். சீனி வருத்தம் என்பாருமுளர். பெயர் எதுவாயினும், வந்தால் விட்டு நீங்காது உடன் வாழும் நோய் இது. மருந்தும் உணவும் நடையும் கொண்டு அதனை அடக்கியாளலாம். பலர்க்கு முற்றாக விரட்டுதல் இயலாது. ஆதலின் இந்நோயுற்றார்க்கு வேண்டுவது ஒரு நாட் துணிவன்று. நாடோறும் எழுந்து மீட்டும் மீட்டும் கொள்ள வேண்டிய துணிவு.

யான் செய்தது யாது? மறைத்தேன். மனைவியார் ஒருவரையன்றிப் பிறர் எவரும் அறியாவண்ணம் மறைத்தேன். ஆசிரியர் அறையிலே சீனியிட்ட தேநீர் வந்தால் மறுக்காது அருந்தினேன். கல்லூரியில் வாணி விழா நிகழ்ந்த ஒரு நாள், சர்க்கரைப் பொங்கலும் அவலும் கடலையும் இலையில் வைத்து மாணவர் நீட்டினர். வேண்டாவென்றால் காரணங் கேட்பர் என அஞ்சி முழுவதையும் உண்டேன். அதற்குக் கழுவாயாக மறுநாட் காலை உணவை ஒழித்துக் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு வகுப்பிற்குச் சென்றேன். இரண்டாம் பாடவேளையில் உடல் வியர்த்தது, கை நடுங்கிற்று, கரும்பலகையில் எழுதிய சொல் எனக்கே விளங்கவில்லை. ஐயந் தெளிவிக்குமாறு எழுந்து நின்ற மாணவன் ஒருவனை யான் சினந்து கடிந்ததாகப் பின்னர்க் கூறினர். எனக்கு அது நினைவில்லை. குருதியிலே சீனியின் அளவு மிகத் தாழ்ந்தால் அறிவு மயங்கும் என்பதனையும், அம்மயக்கம் பிறர்க்குச் சினம்போலத் தோன்றும் என்பதனையும் அன்று யான் அறிந்திலேன்.

அடுத்த கிளினிக் நாளன்று அரசினர் வைத்தியசாலையின் வாங்கிலே விடியற்காலையில் இலக்கத்துண்டுடன் அமர்ந்திருந்தேன். அருகிலிருந்தவர் அறுபத்தைந்து அகவை மதிக்கத்தக்க ஒரு தச்சர். என்னைச் சற்றுநேரம் நோக்கியிருந்து, “வாத்தியார், உங்களுக்கு எத்தினை வருசம்?” என்றார். ஆறு மாதம் என்றேன். “எனக்குப் பதினேழு வருசம். பயப்பிடாதேங்கோ” என்றார். அந்நோயைப் பற்றி யான் கேட்ட சொற்கள் பலவற்றுள்ளும் அச்சந் தீர்த்த முதற்சொல் அதுவே. வகுப்பறையில் நிகழ்ந்ததை அவரிடம் ஒளியாது கூறினேன். அவர் தம் சட்டைப்பையிலிருந்து கடதாசியில் மடித்த சிறு பொட்டலம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதனுள் மூன்று தேக்கரண்டி அளவு சீனி இருந்தது. வியர்வையும் நடுக்கமும் தோன்றிய உடனே அதனை நீரிற் கரைத்துக் குடித்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருத்தல் வேண்டும் என்றும், தெளியாதாயின் மீட்டும் அவ்வாறு செய்து பின்னர் உணவு கொள்ளல் வேண்டும் என்றும் சொன்னார். “சாப்பாட்டை விட்டுப்போட்டுக் குளிசையைப் போட்டால் இதுதான் வரும்” என்று நகைத்தார்.

இதனை வைத்தியர் சொல்லவில்லையா எனின், சொல்லியிருந்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருக்கும் காலைப்பொழுதில் ஒருவர்க்கு ஒதுக்கக்கூடிய சில நிமிடத்துள் அவர் இதனையுஞ் சொன்னார், யான் தலையசைத்தேன், ஆயின் கேட்டேனல்லேன். தச்சர் சொல்லியது மட்டும் ஏன் உள்ளத்திற் பதிந்தது?

நம் முன்னோர் அளவை நூலிலே காட்சி, கருதல், உரை என அறியும் வாயில்களை வகுத்தனர். அக்காட்சியையும் மேலும் பகுத்து, இன்ப துன்பங்களைத் தானே நுகர்ந்தறிவதனைத் தன்வேதனைக் காட்சி என வேறுபடுத்தினர். வைத்தியர் அறிவு கல்வியாலும் கருதலாலும் பல நோயாளரைக் கண்ட பழக்கத்தாலும் வருவது. அதனினும் உறுதியான வழிகாட்டி பிறிதில்லை. எனினும், நடுங்கும் விரலால் பொட்டலத்தை அவிழ்ப்பது எத்தகையது என்பது தன்வேதனைக் காட்சியால் மாத்திரம் அறியப்படுவது. தலைவலியுங் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்னும் பழமொழி இக்கருத்தையே எளிமையாகக் கூறுகின்றது.

இஃது எம்மூர் வாங்கில் மட்டும் கண்ட உண்மையன்று. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே யோசப் பிராற் என்னும் வைத்தியர் ஏழைக் காசநோயாளரைச் சிறு சிறு வகுப்பாகக் கூட்டினார். அவர்கள் அன்றாடம் தம் உடல்நிலையைக் குறிப்பேட்டில் எழுதி வாரந்தோறும் கொண்டுவந்தனர். ஒருவர் தேறியதைக் கண்டு மற்றவர் ஊக்கமுற்றனர். 1935ஆம் ஆண்டிலே அக்ரன் நகரில் குடிப்பழக்கத்தால் நலிந்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை வைத்தியர் ஒருவரும் ஒருவரையொருவர் தாங்கி அப்பழக்கத்தை விட்டனர். அச்சந்திப்பிலிருந்து உலகெங்கும் பரந்த ஓர் இயக்கமே தோன்றிற்று.

நீரிழிவின் வரலாற்றிலோ இவ்வுண்மை இன்னுந் தெளிவாகப் புலப்படும். கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் 1921ஆம் ஆண்டில் ஆய்ந்து கண்ட இன்சுலின், 1922ஆம் ஆண்டு சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது. அக்காலத்தில் இலண்டனைச் சேர்ந்த றொபின் லோறன்ஸ் என்னும் இளம் வைத்தியர் தாமே நீரிழிவுற்று, சாவை எதிர்நோக்கி, வீட்டாருக்குப் பாரமாகாதிருக்கும் பொருட்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே தங்கியிருந்தார். மருந்து கிடைத்துவிட்டது என்னுஞ் செய்தியை நண்பர் அனுப்ப, தளர்ந்த உடலோடு தாமே மோட்டார் வண்டியைச் செலுத்தி இலண்டனை அடைந்து, 1923ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் முதல் ஊசியைப் பெற்றார். பின்னர் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். நோயாளர் வாங்கும் வைத்தியர் ஆசனமும் ஆகிய இரண்டிலும் இருந்து பார்த்தவர் அவர். அவரும், கண்ணுக்குப் புலனாகாத மனிதனைக் கதையாக்கிய எச். ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளரும் சேர்ந்து 1934ஆம் ஆண்டிலே நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினர். வெல்ஸும் அந்நோய் உடையவரே. உலகறிந்த எழுத்தாளர் ஒருவர், எனக்கும் இந்நோய் உண்டு என வெளிப்பட நின்றமையால், மறைந்து வாழ்ந்த எத்துணைப் பேர் தலைநிமிர்ந்திருப்பர்! ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறைக்கு அஞ்சிய என் சிறுமையை அப்பொழுது நினைந்து நாணினேன்.

தச்சர் வழியே வேறு சிலரும் அறிமுகமாயினர். கிளினிக் முடிந்தபின் வைத்தியசாலைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையின் வேப்பமர நிழலில் அறுவர் கூடுவோம். சீனியில்லா வெறுந்தேநீர் வரும். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், கடற்றொழிலாளர் ஒருவர், பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசியினால் உயிர்வாழும் இளநங்கை ஒருத்தி ஆகியோர் எம்முடன் சேர்ந்தவர். சாதியும் தொழிலும் கல்வியும் வேறு வேறாயினும் எம்மிடையே ஒரு மொழி வழங்கிற்று. அம்மொழிக்கு உரை வேண்டியதில்லை.

அங்கே பேசப்பட்டவை நூல்களில் அரிதிற் காணப்படுபவை. கந்தசஷ்டி விரதத்தை எங்ஙனம் அனுட்டிப்பது? உண்ணாது குளிசை விழுங்கினால் என்னாகும் என்பதை யான் சொன்னேன். விரதத்திற்கு முன்னரே வைத்தியரிடஞ் சென்று கேட்டுப் பாலும் பழமும் ஏற்று அதற்கேற்ப மருந்தளவை மாற்றிக்கொண்டமையைத் தபாலதிபர் சொன்னார். ஆவணி வெயிலிலே கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு வலம்வருதல் பற்றிப் பேச்செழுந்தது. கால் விறைத்திருந்தமையால் சூடு தெரியாது நடந்து, வீடு சென்றபின்னரே உள்ளங்காலிற் கொப்புளங் கண்டதாகக் கடற்றொழிலாளர் கூறினார். அவர் இப்பொழுது வைகறைப் பூசைக்கே செல்கின்றார். பனங்கட்டி தீதில்லை, குரக்கன் பிட்டை எவ்வளவும் உண்ணலாம் என எண்ணியிருந்தோர் அவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் குருதிச் சோதனைத் துண்டைக் காட்டி ஒப்புக்கொண்டனர்.

அந்நங்கைக்குத் திருமணம் பேசினர். நோயை மறைத்துப் பேசலாம் என்பது அவள் தாயாரின் எண்ணம். எங்களிடம் அதனைச் சொல்லி, “மறைச்சுக் கட்டினால் ஒவ்வொரு நாளும் ஊசியை எங்கை ஒளிச்சுப் போடுறது, ஐயா?” என்று கேட்டாள். விடை சொல்லத்தக்க தகுதி எனக்கு இருந்ததா? மறைத்தலால் யான் பட்டதை மட்டுஞ் சொன்னேன். அவள் உண்மையைச் சொல்லிப் பேசுவித்தாள். இரண்டு இடங்கள் தவறின. மூன்றாவது இடம் பொருந்திற்று.

இனி, இத்துணையின் மறுபக்கத்தையுங் கூறாதொழிதல் நேர்மையன்று. எம்முள் ஒருவராகிய கடைக்காரர்க்கு அன்பர் ஒருவர் கசப்புக் கஷாயம் ஒன்றைச் சொல்லி, தமக்கு அதனால் நோய் நீங்கிற்று என்றார். கடைக்காரர் குளிசைகளை நிறுத்தினார். அச்செய்தியை வேம்பின் கீழே அவர் மகிழ்ந்து சொன்னபொழுது யாம் அனைவரும் கேட்டிருந்தோம். தவறென்று எனக்குத் தோன்றிற்று. ஆயினும் அவர் முகமலர்ச்சியைக் கெடுக்க மனமின்றி வாளாவிருந்தேன். நான்கு மாதத்தின் பின்னர் அவர் காலில் எழுந்த சிறு புண் ஆறாது பெருகி, முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார். கஷாயஞ் சொன்னவர் பகைவரல்லர், அன்பினாலேயே சொன்னார். மௌனமாயிருந்த யாமும் அன்பினாலேயே இருந்தோம். தன்வேதனைக் காட்சி தன்னளவிற் செல்லுமேயன்றிப் பிறருடம்பிற்குப் பிரமாணமாகாது என்பதனை அளவை நூல் கற்ற யானே மறந்தேன்.

அவரைக் காணச் சென்ற நாளில் யான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அண்டைக்கு நீங்கள் ஒருதரம் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனோ தெரியாது, வாத்தியார். ஆனால் சொல்லியிருக்கலாம்” என்றார். அச்சொல் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அதன்பின் எமக்குள் ஒரு நியதி செய்துகொண்டோம். என் உடம்பில் நிகழ்ந்ததைச் சொல்வேன். உன் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ சொல்லேன். நீ நிறுத்தக் கண்டால் உன் முகம் வாடினும் வைத்தியரிடம் போ எனச் சொல்லாது விடேன். கடைக்காரர் ஊன்றுகோலோடு மீண்டும் வேம்பின் கீழ் வந்தார். இப்பொழுது புதிதாக வருவோர்க்கு உள்ளங்காலைச் சிறு கண்ணாடி வைத்து நாடோறும் பார்க்கும் முறையைக் காட்டுபவர் அவரே. “பெருவிரலை மட்டும் பாத்தால் காணாது, விரலிடுக்கையும் பாக்கவேணும்” என்பார். அவர் சொல்லும்பொழுது ஒருவரும் வேறுபுறம் நோக்குவதில்லை.

உறு என்னும் அடியினின்றும் பிறந்த உற்றார் என்னுஞ் சொல் சுற்றத்தாரைக் குறிக்கும். அவ்வடியினின்றே பிறந்த உற்றவன் என்னுஞ் சொல் குறளிலே நோயாளனைக் குறிக்கின்றது. துன்பமுற்றாரே துன்பமுற்றார்க்கு உற்றாராதலை மொழியே உணர்த்துகின்றது போலும். வள்ளுவர் வகுத்த நான்கு கூற்றிற்கு வேறாக ஐந்தாவதொன்று கூட்டத் துணியேன். உடனிருந்து மருந்தியற்றுவோன் என அவர் கூறிய நான்காங் கூற்றிலே, முன்பே அந்நோயுற்றவனுக்கும் ஓரிடம் உண்டென்று பாடஞ் சொல்வதற்கு மட்டும் பரிமேலழகரை வணங்கி விடைகேட்கின்றேன்.

சென்ற வாணி விழாவிலே மாணவர் நீட்டிய இலையைக் கைகூப்பி மறுத்து, எனக்குச் சலரோகம் என்று எல்லோர் முன்னிலையிலுஞ் சொன்னேன். ஒருவரும் வியக்கவில்லை, ஒருவரும் இகழவில்லை. எட்டாண்டு காத்த மறைபொருள் அரை நிமிடத்தில் முடிந்தது. மாலையில் எல்லோரும் சென்றபின் இளம் ஆசிரியர் ஒருவர் விறாந்தையில் என்னருகே வந்து நின்றார். எதையோ சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார்.

“எத்தினை வருசம், தம்பி?” என்றேன்.

“மூண்டு மாசம், ஐயா” என்றார்.

வரும் புதன்கிழமை கிளினிக் நாள். இருவரும் ஒருங்கே செல்வதாக இருக்கின்றோம்.