'போனார்' என்பதா, 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்பதா? தென்கொரிய மலையில் ஒரு குயவருக்காக நடந்த சண்டை!

தென்கொரியாவின் கியேர்யோங்சான் மலைக்கு ஏப்ரல் மாதத்தில் போகிறவர்கள், தோங்ஹாக்சா புத்தர் கோயில் சாலையில் செர்ரிப் பூக்களுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆனா, இந்த மலையின் பெரிய கதை அதே சாலைக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் கிடந்தது.

எங்கே இருக்கிறது இந்த மலை?

டேஜியோன் நகரத்தை ஒட்டி. உயரம் சுமார் 845 மீட்டர்தான். 1968-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். மலை முகடு சேவல் கொண்டை வைத்த டிராகன் மாதிரி இருப்பதால் இந்தப் பெயர். தோங்ஹாக்சா, பெண் துறவிகள் படிக்கும் கோயில். மலையின் மறுபக்கத்தில் இருக்கும் கப்சா கோயிலுக்கு இலையுதிர் காலத்தில்தான் கூட்டம்.

மண்ணுக்குள் என்ன இருந்தது?

தோங்ஹாக்சா போகும் வழியில் இருக்கும் ஹாக்போங் கிராமத்தில், 1927-ல் ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தோண்டியபோது பழைய மண்பாண்டச் சூளைகள் கிடைத்தன. 15, 16-ம் நூற்றாண்டுகளில் இங்கே 'புன்சோங்' வகைப் பாத்திரங்கள் செய்திருக்கிறார்கள்.

இந்த ஊர் மண் சுட்டால் கறுத்துப்போகும். அதனால், நம்மூரில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல, பாத்திரத்தின் மேல் வெள்ளைக் களிமண் குழம்பை முரட்டுத் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுவார்கள். தூரிகைக் கோடுகள் அப்படியே தெரியும். அதன்மேல் இரும்புச் சத்துள்ள சாயத்தால் மீன், பூ, புல் என்று வரைந்து, கண்ணாடிப் பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். அந்த மீன்களைப் பார்த்தால் குழந்தை கிறுக்கியது போலத்தான் இருக்கும். ஆனா, கை தேறாதவரால் அவ்வளவு வேகமாக வரையவே முடியாது!

அப்புறம் ஏன் நின்றுபோனது?

போர்தான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. வெள்ளைப் பீங்கான் மீது மக்களுக்கு மோகம் வந்ததால், புன்சோங் அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது.

1592 முதல் 1598 வரை ஜப்பான் படையெடுத்தது. தேநீர்ச் சடங்கில் ஊறிப்போன ஜப்பானியப் பிரபுக்களுக்குக் கொரியக் கிண்ணம் என்றால் உயிர். கிண்ணத்தை மட்டுமா எடுத்தார்கள்? செய்கிறவர்களையே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் யி சாம்பியோங். 1616-ல் ஜப்பானின் அரிட்டாவில் பீங்கான் மண்ணைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அங்கே ஒரு கோயிலில் தெய்வமாகவே வைத்துவிட்டார்கள். சில பத்தாண்டுகளில் அரிட்டா பீங்கான் டச்சுக் கப்பல்களில் ஐரோப்பா போனது.

சண்டை எதற்கு?

அவர் கியேர்யோங்சான் பக்கத்து ஆள் என்பது நம்பிக்கை. அதனால் 1990-ல் அரிட்டா மக்கள் இங்கே வந்து நினைவுச்சின்னம் வைத்தார்கள். ஆனா, கல்வெட்டில் அவர் ஜப்பானுக்கு ஏதோ 'போக நேர்ந்தது' என்ற தொனியில் எழுதியிருந்தது. பிடித்துக்கொண்டு போனதை இப்படியா எழுதுவது என்று கொரியாவில் எதிர்ப்பு கிளம்பியது. நன்றி சொல்ல வைத்த கல்லில்கூட அந்த ஒரு சொல்லை எழுதக் கை வரவில்லை என்பதுதான் உறுத்தல்.

இப்போது?

1990-களில் இளம் குயவர்கள் சிலர் மலையடிவாரத்தில் சாங்சின் கிராமத்தில் குடியேறினார்கள். இன்று அது மண்பாண்டக் கலைஞர்களின் ஊர். போகிறவர்கள் தாங்களே ஒரு கிண்ணம் செய்து பார்க்கலாம். அங்கே விற்கும் தட்டுகளில் அதே கறுப்பு மீன் மறுபடி நீந்துகிறது.