பீப்பாய் மீனைக் காப்பாற்றிய படம்

உலகின் மிகப் பெரிய மீனுக்கு குஜராத் மீனவர்கள் வைத்திருந்த பெயர் ‘பேரல்’. பீப்பாய். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அல்ல, கொல்லும் முறையைப் பார்த்து வைத்தது. கொக்கியில் மாட்டிய மீனோடு காலி பீப்பாய்களைப் பிணைத்துவிடுவார்கள். ஆழத்துக்குப் போக முடியாமல் திமிறித் திமிறி மீன் ஓய்ந்துவிடும். பிறகு படகில் கட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள்.

திமிங்கலச் சுறா, பெயரில்தான் பயங்கரம். 12 மீட்டருக்கு மேலும் வளரும் இந்த மீனின் உணவு, கடல் நீரோடு வடிகட்டி விழுங்கும் நுண்ணுயிர்களும் பொடி மீன்களும்தான். அருகில் நீந்துபவரை ஒன்றும் செய்யாது. அந்தச் சாதுத்தனமே அதற்கு எமன். ஒரு காலத்தில் மரப்படகுகளுக்குப் பூசும் கல்லீரல் எண்ணெய்க்காக மட்டும் கொன்றார்கள். 1990களில் தைவான் போன்ற நாடுகளில் இறைச்சிக்குக் கிராக்கி ஏற்பட, சௌராஷ்டிரக் கரைகளில் வேட்டை சூடு பிடித்தது.

வெளியே யாருக்கும் தெரியாத இந்த வியாபாரத்தைப் படமாக்கியவர் மைக் பாண்டே. கென்யாவில் பிறந்த வனவிலங்குப் பட இயக்குநர். 2000இல் வெளியான அவருடைய ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’, ‘பசுமை ஆஸ்கர்’ எனப்படும் பாண்டா விருதை அதே ஆண்டு பெற்றது. நீலக் கடலும் வண்ண மீன்களுமாக அழகான படங்களுக்குப் பஞ்சமில்லை. இதில் மனதை உலுக்கியது கரையில் ஓடிய ரத்தம்.

அரசும் அசைந்தது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பிடித்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இந்தியாவில் ஒரு மீனுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டே சர்வதேச வர்த்தகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

ஆனால் டெல்லியில் போட்ட சட்டம் வெராவல் மீனவருக்கு எப்படிச் சோறு போடும்? 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, வனத்துறையோடும் டாடா கெமிக்கல்ஸோடும் கைகோத்து மீனவக் குப்பங்களுக்குப் போனது. கூடவே ராமாயண உபன்யாசகர் மொராரி பாபு. பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளை யாராவது கொல்வார்களா என்று அவர் கேட்டார். இந்த மீன் உண்மையிலேயே பிரசவத்துக்குத்தான் வருகிறதா என்று விஞ்ஞானிகள் உறுதி செய்யும்வரை மீனவர்கள் காத்திருக்கவில்லை. ‘பேரல்’, ‘வாலி’ ஆனது. குஜராத்தியில் பிரியமானவள்.

அதன் பிறகு வலையை அறுத்து விடுவிக்கப்பட்ட திமிங்கலச் சுறாக்கள் நூற்றுக்கணக்கில். அறுந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அன்றைய மீன்பாடு போனது போனதுதான்.

இழப்பீட்டிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதிகாரி படகேறி வந்து பார்க்கும்வரை மீன் வலையிலேயே தவிக்க வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழி, மீனவர் கையிலேயே நீர் புகாத கேமராவைக் கொடுத்துவிடுவது. மாட்டிய மீனை ஒரு படம், வலையை அறுக்கும்போது ஒரு படம், மீன் நீந்திப் போகும்போது இன்னொன்று. கரையில் அதுதான் அத்தாட்சி.