நாற்பது மதிப்பெண்ணில் நமக்கு என்ன கூச்சம்?

சட்டக் கல்லூரியை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, கருப்பு கவுனும் தைத்து வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. அதுதான் அகில இந்திய பார் தேர்வு. பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் இதில் தேற வேண்டும். தேறாவிட்டால் வழக்காடும் உரிமை நின்றுபோகும். இந்தத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. 'எப்படியும் எடுத்துவிடுவார்கள்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

பயம் எங்கிருந்து வருகிறது? சட்டம் தெரியாததால் அல்ல. வீட்டில் முதல் பட்டதாரி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, சந்தேகம் கேட்க ஊரில் ஒரு வக்கீல் கிடையாது. தோற்றால் ஊர் என்ன பேசும் என்ற நினைப்பு, புத்தகத்தைத் திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு மேடைப் பேச்சு மருந்தாகாது. தேர்வின் கணக்கைத் தெரிந்துகொள்வதே மருந்து என்று நாம் நினைக்கிறோம்.

கேள்விகள் நூறு. விடை தவறானால் மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடக்கூடாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அரசியலமைப்பு, குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை மூன்றுக்கும் தலா 10 கேள்விகள். தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம் இரண்டுக்கும் தலா 8. இந்த ஐந்து பாடங்களிலேயே 46 வந்துவிடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் தேற 40 போதும், பொதுப் பிரிவினருக்கு 45.

இந்த நாற்பதில்தான் பலருக்குக் கூச்சம். 'சலுகையில் தேறியவன்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. பதிவுக் கட்டணத்திலும் சட்டம் நமக்குத் தனித் தொகை வைத்திருக்கிறது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், நமக்கு 125. பல மாநிலங்களில் பல்லாயிரம் வசூலித்தார்கள். சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூச்சப்பட்டு யாரும் வழக்குத் தொடுக்காமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது. அதற்காக நாற்பதைக் குறிவைத்துப் படிக்கச் சொல்லவில்லை. வீட்டில் எழுதிப் பார்க்கும்போது அறுபது வரட்டும்.

குறிப்புரை இல்லாத சட்டநூலை, அதாவது கோர்ட் வட்டாரத்தில் சொல்லும் 'பேர் ஆக்ட்'டை, தேர்வறைக்குக் கொண்டுபோக அனுமதி உண்டு. நம்மில் பலர் இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. முதல்முறையாகத் தேர்வறையில் புரட்டினால் நேரம்தான் போகும். நண்பர் ஒருவர் விஷயத்தைச் சொல்ல, இரண்டு நிமிடத்துக்குள் பிரிவை எடுத்துக் காட்ட வேண்டும். தினம் இருபது. ஒரு மாதத்தில் கை தானாகப் போய் நிற்கும். ஆங்கில வாசகம் புரண்டால், அந்தப் பிரிவை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்துவிட்டது.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. கொலைக்கான தண்டனை 302-லிருந்து 103-க்குப் போய்விட்டது. முதல் தகவல் அறிக்கை 154-லிருந்து 173-க்கு. முப்பது ஆண்டு அனுபவமுள்ள வக்கீலும் இன்று எண்ணைத் தேடித்தான் பார்க்கிறார். இதில் அவரும் நீங்களும் ஒரே நேரத்தில் தொடங்கியவர்கள்.

படிப்பு இடையில் நின்றவர்களுக்கு ஒரு செய்தி. அம்பேத்கர் 1916-இல் லண்டன் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் திரும்ப வேண்டியிருந்தது. 1920-இல் மறுபடி போய், 1922-இல் பாரிஸ்டர் ஆனார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்தத் தேர்வில் தனிப் பாடமாக இல்லை. நம் பார்வையில் அது குறைதான். ஆனாலும் அதன் 15ஏ பிரிவைப் படித்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை அங்கே இருக்கிறது. தேர்வு முடிந்த மறுவாரமே சேரியிலிருந்து யாராவது உங்களைத் தேடி வரலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பதிவுச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அதோடு இரண்டு ஆண்டைக் கூட்டி, வரும் நாளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.