பருவ வெடிப்பு (தோட்டாப் பித்தளை)

பருவ வெடிப்பு என்பது பித்தளையால் ஆன தோட்டா உறைகள் சுடப்படாமலே, அடுக்கி வைத்த இடத்திலேயே கீறல் விட்டுப் பிளந்துபோவதைக் குறிக்கும் பெயராகும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், ராணுவத்தின் தோட்டாக்களில் இது முதலில் கவனிக்கப்பட்டது. மழைக்காலத்தை ஒட்டி நிகழ்ந்ததால் பெயரில் 'பருவம்' ஒட்டிக்கொண்டது. மழை மட்டும் இதற்குக் காரணமல்ல என்பது 1921-இல்தான் விளங்கியது.

உறையின் வேலை

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உண்டு: முன்னால் குண்டு, உள்ளே உந்துமருந்து (நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை செய்வது இத்தகைய மருந்தைத்தான்), அடியில் அதைப் பற்றவைக்கும் சிறு மூடி, இவை அனைத்தையும் பிடித்து வைத்திருக்கும் உறை. உறை வெறும் டப்பா அல்ல. சுடும் கணத்தில் அது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. மறு கணமே சற்றுச் சுருங்கி, வெளியே இழுக்க இடம் கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு முதலில் மெல்லிய பித்தளைத் தாளைச் சுருட்டி உறை செய்தார்கள். 1880-களில் சூடான் போர்க்களத்தில் அவை அறைக்குள் சிக்கிக்கொண்டன. அதன்பின் ஒரே துண்டாக இழுத்துச் செய்த உறைகளுக்கு மாறினார்கள்.

இதற்கு ஏற்ற உலோகம் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. இது கிழியாமல் வெகுவாக நீளும். வட்ட வில்லை ஒன்றை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தை மேலும் மேலும் இழுத்துக் குழாயாக்குவார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை இறுகும். எனவே இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். ஆனால் கடைசி வேலைகளான வாயைக் குறுக்குவதும், குண்டைச் செருகி விளிம்பை நெரித்துப் பிடிப்பதும் குளிர்ந்த உலோகத்தில் நடப்பவை. அந்த இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இதை எஞ்சிய தகைவு என்பர்.

இலாயத்தில் நடந்தது

மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை இலாயங்களில் வைத்துவிட்டு வெயில் காலத்துக்குக் காத்திருப்பார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் பல உறைகளில் நீளவாக்கில் கீறல் இருக்கும். பெரும்பாலும் குண்டை நெரித்துப் பிடித்த வாய்ப்பகுதியில். கீறிய உறையால் வாயுவைச் சரியாக அடைக்க முடியாது. துப்பாக்கியைக் கன்னத்தோடு அணைத்துச் சுடுபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் 1921-இல் விடை சொன்னார்கள். குதிரை மூத்திரம் சிதைந்து அம்மோனியா வாயு எழுகிறது. ஈரக்காற்றில் உலோகத்தின் மேல் படியும் நீர்ப்படலத்தில் அது கரைகிறது. அம்மோனியாக் கரைசல் செம்பை அரிக்கக்கூடியது. செம்பு கரைந்தால் கரைசல் ஆழ்ந்த நீலமாகும். தகைவு இல்லாத பித்தளையில் இதனால் மேற்பரப்பு நிறம் மாறுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். தகைவு தங்கிய பித்தளையிலோ, உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையிலான எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே இறங்க, இழுவிசை அந்த வழியைப் பிளந்துகொண்டே போகிறது. தகைவு, அம்மோனியா, ஈரம் மூன்றும் கூடினால்தான் வெடிப்பு. மழையை மட்டும் பார்த்தவர்களுக்கு விடை கிடைக்காமல் போனது இயல்பே.

தீர்வு எளிது. வேலை முடிந்த உறையை ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை மிதமாகச் சூடாக்கினால் தகைவு தளரும், உறுதியும் பெரிதாகக் குறையாது. தகைவு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் பாதரச உப்புக் கரைசலில் மாதிரியை அமிழ்த்துவார்கள். தகைவு மிகுந்த துண்டு சில நிமிடங்களிலேயே கீறிவிடும்.

உளியும் பித்தளையும்

இங்கே ஒரு குழப்பம் வரலாம். குமரி மாவட்டம் மயிலாடியின் கல்தச்சர்கள் உளியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது அதைக் கடினமாக்கத்தான். எஃகுக்கு அது சரி. பித்தளை வேறு சாதி. பழுக்கக் காய்ச்சியபின் தண்ணீரில் போட்டாலும் மெதுவாக ஆறவிட்டாலும் அது இளகியே இருக்கும். பாத்திரம் அடிக்கும் கன்னார் நடுநடுவே தகட்டை நெருப்பில் காட்டுவதும் அதற்காகவே. பித்தளையை இறுக்குவது சுத்தியலும் அச்சும்தான், தண்ணீர் அல்ல.

சுட்ட உறையை மீண்டும் நிரப்புவது அமெரிக்கா போன்ற நாடுகளில் பொழுதுபோக்கு. ஒருவகை உறையை வெட்டி வேறுவகையாக மாற்றுவதும் உண்டு. பாம்பு போன்றவற்றை அருகிலிருந்து சுட, நுண்ணிய ஈயமணிகள் நிறைத்த கைத்துப்பாக்கித் தோட்டா அப்படியும் உருவாக்கப்படுவதுண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிந்து, மறுபடி நெரிக்கப்படும் உறையின் வாய் இறுகி ஒருநாள் பிளக்கும். இது பருவ வெடிப்பு அல்ல, உழைத்துக் களைத்த உலோகத்தின் பிளவு. வாயை மட்டும் இளக்கலாம். அடிப்பாகம் இளகிவிட்டால் அழுத்தம் தாங்காமல் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது.

தோட்டாவுக்கு வெளியிலும் இந்த வெடிப்பைக் காணலாம். மின்நிலையங்களில் நீராவியைக் குளிர்விக்கும் பித்தளைக் குழாய்கள் அம்மோனியா பட்டுக் கீறியதுண்டு. வீட்டிலுள்ள வார்ப்புக் குத்துவிளக்கில் இப்படிப்பட்ட தகைவு குறைவு என்பதால் அச்சம் அதிகமில்லை. அழுத்தி வளைத்த தகட்டுச் சாமான்களைத்தான் மாட்டுத்தொழுவத்திலோ அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தின் அருகிலோ நாள்கணக்கில் வைக்கக் கூடாது. பச்சைக் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். கீறலைத் தேய்த்துப் போக்க முடியாது.