அம்மாவோடு ஒரு பாலே, வழியில் திருவந்திபுரம்

2018 நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம் அம்மாவை பாலே பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். லண்டன் கோவென்ட் கார்டனில் இருக்கும் ராயல் ஓபரா ஹவுஸ். அப்போது பையனுக்கு நாலு மாசம். பேறுகாலம் பார்க்க ஆறு மாச விசாவில் வந்தவள் அம்மா. வந்ததிலிருந்து அவள் பார்த்த லண்டன் என்பது சூப்பர் மார்க்கெட், டாக்டர் கிளினிக், குழந்தைத் துணி காயப்போடும் ரேடியேட்டர், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்ப மூணு வாரம் இருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

"ஒரு டான்ஸ் பாக்கப் போலாம்மா."

"குழந்தை?"

"அவன் அப்பா பாத்துப்பாரு. வா."

அந்த மாசம் ஓடிக்கொண்டிருந்தது 'லா பயாதேர்'. டிக்கெட் எடுத்துவிட்டு ரெண்டு நாள் யோசித்தேன். பயாதேர் என்றால் பிரெஞ்சில் இந்தியக் கோயில்களில் ஆடும் பெண். நாட்டியக்காரி என்று பொருள்படும் 'பைலாதெய்ரா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. மாரியஸ் பெத்திபா என்ற பிரெஞ்சுக்காரர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் 1877ல் அமைத்தது இந்த பாலே. இசை மின்குஸ், அவர் வியன்னாவில் பிறந்தவர். இந்தக் கூட்டணியில் யாருக்கும் நம் கோயில் தெரியாது. மேடையில் வரப்போகும் பக்கிரிகளையும் பிராமணரையும் பார்த்து அம்மா என்ன சொல்வாளோ என்ற பயம் எனக்கு.

எங்கள் சீட் ஆம்பிதியேட்டரில், அதாவது உச்சாணியில். மேடை கிணற்றுக்குள் தெரிவதுபோல் தெரியும். மலிவு, அதனால்தான்.

கதை சுருக்கமாக: நிகியா என்ற கோயில் நாட்டியக்காரியும் சோலோர் என்ற வீரனும் காதலிக்கிறார்கள். தலைமைப் பிராமணருக்கும் அவள் மேல் ஆசை. ராஜா தன் மகள் கம்சாட்டியை சோலோருக்கு நிச்சயம் பண்ண, அவன் பெரிதாக மறுக்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் நிகியாவை ஆடச் சொல்கிறார்கள். பூக்கூடை ஒன்றைக் கொடுக்கிறார்கள், உள்ளே பாம்பு. பிராமணர் விஷமுறி மருந்தை நீட்டுகிறார். சோலோர் கம்சாட்டியின் பக்கம் நிற்பதைப் பார்த்த நிகியா மருந்தைக் குடிக்காமல் செத்துப்போகிறாள்.

இதில் ஒரு வசனம் கிடையாது. பழைய பாலேக்களில் பேச்சுக்குப் பதில் கை ஜாடை உண்டு, கிட்டத்தட்ட நம் முத்திரை மாதிரி. தலைக்கு மேல் ரெண்டு கையையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் 'ஆடு'. முகத்தைச் சுற்றி வட்டம் போட்டால் 'அழகி'. மூடிய கைமுட்டிகளை முன்னால் குறுக்கே வைத்தால் 'சாவு'. இதையெல்லாம் அம்மாவின் காதில் ஓதுவதற்குத் தயாராக வந்திருந்தேன். தேவையே படவில்லை. கம்சாட்டியும் நிகியாவும் சண்டை போடும் காட்சியில் எனக்கு முன்னாலேயே, "நகை குடுத்து ஒதுங்கிப்போகச் சொல்றா பாரு" என்றாள். ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கியது. இடது கை மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் அவர்களுக்கு 'கல்யாணம்'. அம்மா என் பக்கம் சாய்ந்து, "விரல்ல என்னடி, முள்ளு குத்திடுச்சா?" என்றாள். கழுத்தில் மூணு முடிச்சு போட்டுக் காட்டியிருந்தால் புரிந்திருக்கும்.

இடைவேளையில் கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டிக்கொண்டே கேட்டாள்: "இது எந்த ஊர்க் கோயில்?"

"எந்த ஊரும் இல்லம்மா, கற்பனை. ஆனா இது மேடைக்கு வர ஒரு ஊர் காரணம்னு சொல்லலாம். திருவந்திபுரம்."

முறுக்கு பாதியில் நின்றது. அம்மாவுக்குச் சொந்த ஊர் கடலூர். அந்தப் பக்கம் பாதிப் பேருக்குக் கல்யாணம் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் சன்னதியில்தான் நடக்கும். அவளுக்கும் அங்கேதான் நடந்தது.

பிறகு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். 1838ல் தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, திருவந்திபுரத்திலிருந்து ஐந்து நாட்டியக்காரர்களையும் மூன்று இசைக்காரர்களையும் கப்பலில் பிரான்சுக்குக் கொண்டுபோனார். ஐவரில் மூத்தவர் தில்லம்மாள், முப்பது வயது. புகழ்பெற்றவர் அம்மணி, பதினெட்டு. கடைசிக் குழந்தைக்கு ஆறு. ராஜா லூயி பிலிப் முன்னால் ஆடினார்கள். ஆகஸ்டில் பாரிஸின் வரியேத்தே தியேட்டரில் ஆடினார்கள்.

சிக்கல் என்னவென்றால், பாரிஸ்காரர்கள் ஏற்கெனவே ஒரு பயாதேரைப் பார்த்திருந்தார்கள். 1830லேயே அங்கே ஓபராவில் மாரி தாக்லியோனி வெள்ளை உடையில், கால்விரல் நுனியில் மிதந்துகொண்டு பயாதேராக ஆடிவிட்டார். நிஜமான பயாதேர்கள் வந்து இறங்கியதும் ஆளாளுக்கு அவர்களை தாக்லியோனியோடு ஒப்பிட்டார்கள். அசலை நகலோடு! தாக்லியோனியின் பாலே தரையை விட்டு மேலே போகப் பார்க்கும். இவர்கள் ஆட்டம் தரையில் ஊன்றி நிற்கும். அளவுகோலே வேறு.

தியோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் மட்டும் மயங்கிப்போனார். அம்மணியைப் பற்றி பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலத்தில் சிறு சிலையாக வடித்தார். இந்த கோத்தியேதான் 1841ல் 'ஜிசெல்' பாலேவுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர். 1858ல் சாகுந்தலத்தை வைத்து இன்னொரு பாலே எழுதினார். அதற்கு ஆட்டம் அமைத்தவர் லூசியன் பெத்திபா, அதாவது மாரியஸின் அண்ணன். 19 வருஷம் கழித்துத் தம்பி ரஷ்யாவில் 'லா பயாதேர்' செய்கிறார். அம்மணியின் அடவு ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் கோத்தியேயின் கண் வழியாகப் போன ஒரு நூல் இருக்கிறது என்பது என் கணக்கு.

"கூடப் போன இசைக்காரங்க பேரு தெரியுமா?" என்றாள் அம்மா.

அன்றைய பத்திரிகைகள் வாய்க்கு வந்தபடி எழுதியதைத் திருத்திச் சொன்னேன். "ஒருத்தர் ராமலிங்கம். இன்னொருத்தர் தேவநாயகம்."

"பெருமாள் பேரு" என்றாள். வேறெதுவும் பேசவில்லை. முறுக்கை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

ரெண்டாம் அங்கம் முழுக்க சோலோரின் அபின் மயக்கம். இருட்டில் ஒரு சரிவுப் பலகை. அதன் உச்சியில் வெள்ளை உடையில் ஒரு பெண் வந்து, ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டி, நிமிர்ந்து பின்வளைந்து, ரெண்டடி நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. அப்புறம் இன்னொருத்தி. ராயல் பாலேயில் மொத்தம் 24 பேர், எல்லாமே செத்துப்போன நிகியாவின் நிழல்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை முதல் ஆள் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அதுவும் சரிவில். ஒரு கணுக்கால் ஆடினால் மொத்த வரிசையும் கெட்டுப்போகும். கதையில் எவ்வளவு அபத்தம் இருந்தாலும் இந்தக் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். 1961ல் லெனின்கிராட் கிரோவ் குழு பாரிஸுக்கு வந்தபோது முழு பாலேயைக் கொண்டுவரவில்லை, இந்த ஒரு காட்சியைத்தான் கொண்டுவந்தது.

அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சாயவே இல்லை. முடிந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "செருப்புக்குள்ள இரும்பு வெச்சிருப்பாங்களா?" இல்லை. துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசை போட்டு இறுக்கிய ஒரு கூடு, அவ்வளவுதான்.

மூன்றாம் அங்கத்தில் கல்யாண மண்டபத்தின் மேல் கோயிலே இடிந்து விழுகிறது. அம்மா அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

சாரிங் கிராஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். ஸ்ட்ராண்ட் வீதியில் ஒரு தியேட்டர் வாசலில் அவளை நிறுத்தினேன். அடெல்ஃபி. கட்டிடம் 1930ல் புதிதாகக் கட்டியது, இடம் பழைய இடம்தான். பாரிஸ் முடிந்து தில்லம்மாளும் அம்மணியும் மற்றவர்களும் இங்கேதான் வந்து ஆடினார்கள்.

அம்மா அந்த விளக்குப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். புடவைக்கு மேல் என் பழைய கோட், காதைச் சுற்றி மஃப்ளர்.

"எந்த மாசம்?"

"அக்டோபர்."

"அப்பவே குளிர் ஆரம்பிச்சிருக்குமே. அந்த ஆறு வயசுக் குழந்தைக்கு ஏதாச்சும் போத்தி விட்டிருப்பாங்களா?"

10:52 ரயிலுக்கு ஏழு நிமிஷம்தான் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.