வெள்ளித் துகளும் குடிநீரும்

வெள்ளிப் பாத்திரத்தில் வைத்த நீர் எளிதிற் கெடாது என்பது முன்னோர் பட்டறிவால் அறிந்த செய்தி. ஆயினும் அப்பாத்திரம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்துவந்தது. எளியோர் குடிநீருக்கும் வெள்ளி உதவும் வழியை நனோ விஞ்ஞானம் காட்டியிருக்கின்றது.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நனோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனசதுர வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியைப் பத்து நனோமீற்றர்ப் பக்கமுள்ள கட்டிகளாக்கினால், அவற்றின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து 600 சதுர மீற்றராகிவிடும்! மேற்பரப்பிலிருந்தே வெள்ளி அயன்களாய் நீரிற் கரைகின்றது. அவ்வயன்களே பற்றீரியாக்களின் புரதங்களைப் பற்றி அவற்றை அழிக்கின்றன. ஆதலின் பாத்திரம் முழுதும் வெள்ளி வேண்டியதில்லை. சிறிதளவு துகளே போதும். 2009 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'டாட்டா சுவச்' என்னும் வடிகருவியில், நெல் உமியின் சாம்பலிலே இத்துகள் ஏற்றப்பட்டிருந்தது. மின்சாரம் வேண்டாத அக்கருவியின் விலை அப்போது ஆயிரம் ரூபாவுக்கும் குறைவாக இருந்தது. வீசியெறியும் உமிக்கு இப்படியொரு வாழ்வு!

எனினும் இரு இடர்கள் உண்டு. நீரிற் கரைந்துள்ள உப்புக்கள் துகளின்மேற் படிந்து அதன் ஆற்றலை அடக்கிவிடும். துகளே கழன்று குடிப்போர் வயிற்றிற் புகவுங் கூடும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப்பும் அவர்தம் குழுவினரும் 2013 இல் இதற்கொரு வழி கூறினர். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறும் கைற்றோசனையும் ஓர் அலுமினியச் சேர்வையையும் கொண்டு கூடு அமைத்து, துகளை அதனுள்ளே சிறைப்படுத்தினர். துகள் உள்ளேயே தங்க, அயன்கள் மாத்திரம் சிறிது சிறிதாக வெளிவரும். ஓர் இலீற்றர் நீரில் அவை ஏறக்குறைய 0.04 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் 0.1 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்கின்றது. இவ்வெள்ளி கிருமியைக் கொல்லுமேயன்றி, நீரின் உவரை நீக்காது என்பதையும் மறத்தலாகாது.

உணவைப் பேணுதலிலும் வினா இதுவே: துகள் வைத்த இடத்தில் நிற்குமா? பிளாத்திக்குப் பியர்ப் போத்தலின் சுவரில், ஒரு நனோமீற்றர் தடிப்பே உள்ள களிமண் தகடுகளைப் பொதிந்துவைப்பதுண்டு. ஒட்சிசன் அத்தகடுகளைச் சுற்றிச் சுற்றியே உட்செல்ல வேண்டியிருப்பதால், பானம் நெடுநாள் கெடாது. களிமண்ணோ சுவரிலேயே கிடக்கின்றது. இனிப்புப் பண்டங்களை வெண்மையாக்கச் சேர்த்துவந்த தைத்தானியம் ஈரொட்சைட்டின் நிலை வேறு. அதன் ஒரு பகுதி நனோ அளவினது. உணவோடு உடலுட் செல்வது. பரம்பரையலகுகளுக்கு அது ஊறு செய்யாதென உறுதிகூற இயலாமையால், ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. வெறும் வெண்மைக்காக அவ்வளவு ஐயத்தைச் சுமப்பானேன்?