பனிக்கு அடியில் ஒரு கடல்

தென் துருவக் கண்டத்தில் இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி, தரைமேல் நிற்கவில்லை என்பது நம் அன்பர்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1983-84ல் மூன்றாவது பயணக்குழு அதைக் கட்டியது, கடலில் மிதக்கும் கனத்த பனிப்பாளத்தின்மீது! மேலே விழுந்த பனியில் அது மெல்லப் புதைந்து, 1990ல் கைவிடப்பட்டது. பிறகு கட்டிய மைத்ரியும் பாரதியும் பாறைமேல் நிற்கின்றன.

அந்தப் பனிக்கு அடியிலுள்ள கடலில் உயிர்கள் உண்டா? ஏராளமாக உண்டு.

உப்பு நீர் ஏறக்குறைய மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையும். ஆனால் சாதாரணக் கடல்மீனின் ரத்தம் மைனஸ் 0.8 வாக்கிலேயே உறைந்துவிடும். அப்படியானால் அங்குள்ள மீன் கட்டியாகிவிட வேண்டுமே? 1960களில் ஆர்தர் டெவ்ரீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி விடை கண்டார். அம்மீன்களின் ரத்தத்தில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. குளிர்நாடுகளில் வண்டி ரேடியேட்டரில் கிளைக்கால் ஊற்றுவார்களே, அதே வேலைதான். (தெற்கு ரயில்வேயில் எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை, இன்ஜின் சூடேறுவதுதான் எங்கள் கவலை!) ஆனால் கிளைக்காலை நிறைய ஊற்றினால்தான் பலன். மீனின் புரதமோ, உடலுக்குள் நுழையும் நுண்ணிய பனித்துகளின் மேல் ஒட்டிக்கொண்டு, அதை வளரவிடாமல் தடுக்கிறது. ஆகவே கொஞ்சமே போதும். எந்த இன்ஜினியரும் பொறாமைப்படக்கூடிய சிக்கனம்.

பனிமீன் என்ற இனத்தின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் நிறமற்றது. குளிர்நீரில் பிராணவாயு அதிகம் கரையும் என்பதாலும், பெரிய இதயம் நிறைய ரத்தத்தை ஓட்டுவதாலும் அது பிழைக்கிறது. 2021ல் வெட்டெல் கடலின் பனிக்கடியில், ஒரு ஜெர்மானியக் கப்பல் இழுத்துச் சென்ற காமிராவில் இம்மீனின் கூடுகள் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரிந்தன. மொத்தம் சுமார் 6 கோடி இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு செய்தி: சுமார் 900 மீட்டர் பனியைத் துளைத்து இறக்கிய காமிராவில், திறந்த கடலிலிருந்து 260 கிலோமீட்டர் உள்ளே, இருட்டில், ஒரு பாறைமேல் கடற்பஞ்சுகள் தெரிந்தன.

எல்லாவற்றுக்கும் சாப்பாடு? கடற்பனியின் அடிப்பக்கத்தில் பாசி படர்கிறது. குளிர்காலத்தில் கிரில் என்ற சிறிய இறால் போன்ற பிராணியின் குஞ்சுகள் அதைச் சுரண்டித் தின்கின்றன. மீன், பென்குவின், சீல், திமிங்கிலம் எல்லாம் கிரிலைத் தின்கின்றன. நம் சாகர் சம்பதா கப்பலும் 1995-96ல் கிரில் ஆராய்ச்சிக்காக அங்கே போனது.

இப்போது கவலையும் அங்கேதான். 2023 குளிர்காலத்தில் தென்துருவக் கடற்பனி, செயற்கைக்கோள் அளவுகள் தொடங்கிய பின் காணாத அளவுக்குச் சுருங்கியது. பனி போனால் பாசிக்கு ஒட்ட இடமில்லை. மீன்களுக்கோ வேறு சங்கடம்: டெவ்ரீஸ் ஆராய்ந்த வகைகள் 6 டிகிரி வாக்கிலேயே சூடு தாங்காமல் இறந்தன. நமக்கு அது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர். மற்றக் கடல்களின் மீன்கள் குளிரைத் தேடித் துருவத்தை நோக்கி நகரலாம். இவற்றுக்குத் தெற்கே இருப்பதோ கடலல்ல, கண்டம்.